20 டன் ஹைட்ராலிக் பிரஸ்: சட்டம் முதல் துணைக்கருவிகள் வரை நாமே செய்வது எப்படி

பேரிங் கழற்றுவது, புஷ் ஏற்றுவது, வளைந்த ஷாஃப்டை நிமிர்த்துவது, தடித்த பட்டையை மடிப்பது என்று பட்டறையில் சுத்தியலை ஓங்குகிற வேலைகளில் பாதியை ஒரு பிரஸ் சத்தமில்லாமல் முடித்துவிடும். பொருளும் கெடாது. நன்றாக வெல்டிங் செய்யவும் அளவு தவறாமல் துளை போடவும் தெரிந்தவர் இதைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிரஸ்ஸுக்கு விசை தரும் ஜாக் தானாக நிற்காது. 20 டன் ஜாக் என்றால், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும்வரை 20 டன்னும் தள்ளும். அப்படி விட்டுக்கொடுப்பது வேலைப்பொருளாக இருக்க வேண்டும், பிரஸ்ஸின் சட்டமாக (ஃப்ரேம்) இருக்கக் கூடாது. அதனால் "எனக்கு 5 டன் வேலைதான் வரும்" என்று நினைத்து மெல்லிய இரும்பில் சட்டம் செய்வது ஆபத்து. இறுகிப்போன பேரிங் ஒன்று வந்தால் கை தானாகப் பம்ப் அடித்துக்கொண்டே போகும். ஜாக்கின் முழு அளவுக்குத்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

விசை எந்த வழியாகப் போகிறது?

ஜாக் மேலே உத்தரத்தைத் தள்ளுகிறது, கீழே வேலைப்பொருளைத் தள்ளுகிறது. உத்தரம் மேலே போகாதபடி இரண்டு தூண்களும் இழுத்துப் பிடிக்கின்றன. தூண்களின் துளையில் செருகிய பின்கள் பெட்டைத் தாங்குகின்றன. பெட் வேலைப்பொருளைத் தாங்குகிறது. விசை இப்படிச் சட்டத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. தரைக்குப் போவது பிரஸ்ஸின் எடை மட்டும்தான். தனியாக அஸ்திவாரம் எதுவும் தேவையில்லை. ஆனால் இந்தச் சுற்றில் உள்ள ஒவ்வொரு பாகமும் 20 டன்னைத் தாங்கியாக வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாமே இந்த வழியைத் தொடர்ந்து போகிறவைதான்.

20 டன் என்பது ஏறத்தாழ 200 கிலோநியூட்டன். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பு 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். நாம் அதில் ஏறத்தாழ பாதிக்குள் நிற்பது நல்லது.

என்ன இரும்பு, எவ்வளவு?

எல்லாவற்றுக்கும் 150 × 75 மி.மீ. சி சேனலே என் தேர்வு. சேனலின் உயரமான தட்டைப் பகுதி வெப், இரு ஓரமும் ஃபிளாஞ்ச். தூண் இரண்டும் தலா 1,700 மி.மீ., மேல் உத்தரத்துக்கு 620 மி.மீ. துண்டு இரண்டு, பெட்டுக்கு அதே அளவில் இரண்டு. மொத்தம் 5.88 மீட்டர், 6 மீட்டர் சேனல் ஒன்றிலேயே வெட்டி எடுத்துவிடலாம். இதோடு 25 மற்றும் 40 மி.மீ. பிளேட், 20 மி.மீ. பிளேட் துண்டுகள், 30 மி.மீ. ஈ.என். 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடு, காலுக்கு 75 மி.மீ. ஆங்கிள், 8.8 தர எம்20 போல்ட் 8, இழுவை ஸ்ப்ரிங் 2 வேண்டும்.

தூண்களின் வெப் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். திறந்த வாய்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 450 மி.மீ. இடைவெளி. அகலமான பிரஸ் வேண்டும் என்று ஆசைப்பட்டு இதைக் கூட்டாதீர்கள். உத்தரத்தின் மேல் விழும் வளைவு விசை, இடைவெளி கூடக் கூட அதே அளவில் கூடும். ஒரு பக்கப் பின்னின் மையத்திலிருந்து மறுபக்கப் பின்னின் மையத்துக்கு 520 மி.மீ. என்றால், நடுவில் 200 கிலோநியூட்டன் தரும் வளைவு விசை 200 × 0.52 ÷ 4 = 26 கிலோநியூட்டன் மீட்டர். 150 சேனலின் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 100 கன செ.மீ.; இரண்டு சேனலுக்கு 200. வகுத்தால் 130 மெகாபாஸ்கல். வளையும் எல்லையில் ஏறத்தாழ பாதி, நமக்குத் தேவையானதும் அதுதான். 100 மி.மீ. சேனலில் இதையே போட்டுப் பார்த்தால் 300-ஐத் தாண்டிவிடும். முதல் முழு அழுத்தத்திலேயே உத்தரம் வளைந்துவிடும்.

பின்னுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு பின்னும் 100 கிலோநியூட்டன் தாங்குகிறது, இரண்டு இடத்தில் வெட்டு விசை வாங்குகிறது. 30 மி.மீ. பின்னில் அது சுமார் 70 மெகாபாஸ்கல். 20 மி.மீ. பின் என்றால் 160 ஆகிவிடும், எம்.எஸ். ராடு நிரந்தரமாக நசுங்கிக் கோணும் அளவு அது. எந்த ராடு கையில் இருக்கிறதோ அதைச் செருகிவிடும் பழக்கத்தை இந்த இயந்திரத்தில் விட்டுவிட வேண்டும். பின்னின் நீளம் 340 மி.மீ. வையுங்கள், முன்னும் பின்னும் பெட்டின் ஃபிளாஞ்ச் முழுக்க அதன் மேல் உட்கார வேண்டும்.

துளைகள்

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்கும் இடம் இது. தரையிலிருந்து 350 மி.மீ. உயரத்தில் தொடங்கி, 120 மி.மீ. இடைவெளியில், 950 வரை 6 துளைகள். உங்கள் ஜாக்கின் ஸ்ட்ரோக்கை, அதாவது ராடு நீளும் தூரத்தை, முதலில் அளந்துகொள்ளுங்கள். துளை இடைவெளி அதைவிட 30 மி.மீ. ஆவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் எட்டாத உயரம் ஒன்று மாட்டிக்கொள்ளும். 20 டன் பாட்டில் ஜாக்குகளில் ஸ்ட்ரோக் பெரும்பாலும் 150 மி.மீ. அளவில் இருக்கும், 120 அதற்குப் பொருந்தும்.

துளையை கேஸ் கட்டரால் ஊதாதீர்கள். ஊதிய துளையின் ஓரம் மேடு பள்ளமாக இருக்கும். பின் முழுப் பரப்பில் படாமல் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் படும், அந்த இடங்கள் நசுங்கி பெட் சாயும். காந்த டிரில்லில் ஆனுலர் கட்டர் (வளைய வடிவ வெட்டி) போட்டு 31 மி.மீ. துளையாக எடுப்பதுதான் சரி. தூணின் ஒரு துளை தப்பினால் பெட் ஆடும், நான்கு முனையும் ஒரே மட்டத்தில் உட்காராது. அதனால் ஒரு ஜிக் செய்துகொள்ளுங்கள். 12 மி.மீ. பட்டையில் 120 மி.மீ. தள்ளி இரண்டு துளை. ஒன்றில் 31 மி.மீ. கட்டையைச் செருகி முந்தைய துளையில் பொருத்தினால் அடுத்த துளையின் மையத்தை மற்றொன்று காட்டும். முதல் துளையை மட்டும் இரு தூண்களிலும் ஒரே முனையிலிருந்து அளந்து போடுங்கள். ஃபிளாஞ்சின் உட்பக்கம் சாய்வாக இருப்பதால், கட்டர் மறுபக்கம் வெளியே வரும்போது ஒரு ஓரம் முதலில் வெட்டிக்கொண்டு பற்கள் கடிக்கும். கடைசி 3 மி.மீ.க்கு கையைத் தளர்த்தி மெதுவாக இறக்குங்கள்.

சட்டத்தை நிமிர்த்துவது

உத்தரத்தின் இரண்டு துண்டுகளில் ஒன்று தூண்களுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் வரும். அவற்றின் வெப், தூணின் ஃபிளாஞ்ச் மேல் படிய வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு எம்20 போல்ட். நட் உட்காரும் இடம் சாய்வாக இருக்கும், அதனால் சாய்வு வாஷர் போடாமல் இறுக்காதீர்கள். போட்டால்தான் போல்ட் நேராக இழுக்கும். போல்ட் இறுக்கியபின், மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து 1 மி.மீ.க்குள் கொண்டுவந்து, எல்லா மூலையிலும் டேக் (தற்காலிகச் சிறு வெல்டு) அடித்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் முழு வெல்டு. ஒரே மூலையை ஒரே மூச்சில் முடிக்காமல் எதிரெதிர் மூலைக்கு மாறி மாறிப் போங்கள். 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டு (மூலையில் முக்கோணமாகப் போடும் வெல்டு) 1 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.45 கிலோநியூட்டன் தாங்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் தூணின் இரு ஓரமும் சேர்ந்து 300 மி.மீ. கிடைப்பதால், வர வேண்டிய 50 கிலோநியூட்டனுக்கு அதுவே தாராளம். போல்ட், வெல்டு இரண்டும் தனித்தனியாகத் தாங்கும்படி வைப்பது வீண் செலவு இல்லை. கையால் போட்ட வெல்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இப்போது பலர் கவனிக்காமல் விடும் இடம். உத்தரத்தின் இரண்டு சேனல்களுக்கும் நடுவே 150 மி.மீ. இடைவெளி இருக்கிறது. ஜாக்கின் தலை சரியாக அந்த இடைவெளியில்தான் முட்டும். அடியில் 25 மி.மீ. பிளேட் ஒன்றைப் பற்றவைத்தால் போதும் என்று தோன்றும். பார்க்கவும் கனமாக இருக்கும். ஆனால் 150 மி.மீ. அகலப் பிளேட்டின் நடுவில் 20 டன் முட்டினால் அழுத்தம் 400 மெகாபாஸ்கல் வரை போகும். பிளேட் வளையும், வெல்டு கிழியும். அதற்குப் பதிலாக 20 மி.மீ. தடிமனில் 150 மி.மீ. உயரமாக இரண்டு துண்டுகளை, நிற்கவைத்த வாக்கில், சேனலுக்கும் சேனலுக்கும் குறுக்கே வைத்துப் பற்றவையுங்கள். அவற்றுக்கு இடையே 30 மி.மீ. விட்டு, கீழே 25 மி.மீ. பிளேட்டால் மூடுங்கள். நிற்கும் துண்டுகளில் அழுத்தம் 50-க்குள் இறங்கிவிடும். அதே இரும்புதான், படுக்கவைக்காமல் நிறுத்தியதில் வந்த வித்தியாசம்.

கால்களுக்கு 600 மி.மீ. நீள ஆங்கிளைத் தூணின் அடியில் முன்பின்னாகப் பற்றவைத்து, ஒரு குறுக்குச் சாய்வுத் துண்டும் கொடுத்தால் போதும். சட்டம் சாயாமல் இருக்கத் தரையில் போல்ட் அடியுங்கள்.

பெட்

இரண்டு சேனல்களின் வெப் உள்ளே பார்க்க, தூண்களின் இரு பக்கமும் அணைத்தாற்போல் வரும். நடுவே 154 மி.மீ. நீளக் குழாயை வைத்து 20 மி.மீ. போல்ட்டால் இழுத்துக் கட்டுங்கள், தூணுக்குச் சற்று உட்பக்கமாக. பக்கத்துக்கு 2 மி.மீ. அசைவு இருந்தால் பெட் சிக்காமல் ஏறி இறங்கும். பின் உட்காரும் நான்கு இடங்களிலும், நடுவில் சுமை விழும் இடங்களிலும் சேனலின் வாய்க்குள் 10 மி.மீ. ஸ்டிஃப்னர் பிளேட் பற்றவையுங்கள். வெப் 6 மி.மீ.கூட இருக்காது, ஸ்டிஃப்னர் இல்லாமல் அது ஓரமாக மடங்கப் பார்க்கும்.

பெட் மொத்தம் 25 கிலோவைத் தாண்டும். ஒரு பக்கப் பின்னை உருவிக் கையால் தூக்கி இன்னொரு துளைக்கு மாற்றும்போது விரல் நசுங்குவது இந்த இயந்திரத்தில் அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து. தூணின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கை வின்ச் மாட்டிவிடுங்கள்.

ஜாக்கும் நகரும் பிளேட்டும்

பாட்டில் ஜாக்கைத் தலைகீழாக மாட்ட முடியாது. எண்ணெய் எடுக்கும் வழி அடியில் இருப்பதால் கவிழ்த்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஆகவே ஜாக் நிமிர்ந்தே நிற்கட்டும். நாம் அதை ஒரு நகரும் பிளேட்டின் மேல் வைப்போம். தலை உத்தரத்தை முட்டும், அடி கீழே இறங்கும்.

25 மி.மீ. பிளேட், 530 மி.மீ. நீளம், நடுவில் 150 அகலம். இரு முனையிலும் 125 ஆகக் குறைத்து தூண்களின் வாய்க்குள் 40 மி.மீ. நுழையவிடுங்கள். முனைகளில் 120 மி.மீ. உயரமான பட்டைகளைச் செங்குத்தாகப் பற்றவைத்து, ஃபிளாஞ்சுக்கும் அதற்கும் 1 மி.மீ. இடைவெளி வரும்படி சரிசெய்யுங்கள். இந்த உயரம் முக்கியம். வெறும் 25 மி.மீ. தடிமனை நம்பினால் ஓரச் சுமை வந்ததும் பிளேட் சாய்ந்து இறுகிக்கொள்ளும்.

பிளேட்டின் அடியில் 50 மி.மீ. விட்டம், 80 மி.மீ. நீளமுள்ள மூக்கு ஒன்று. அதில் 25 மி.மீ. துளையும் ஒரு செட் ஸ்க்ரூவும் போட்டால் துணைக்கருவிகளை மாட்டலாம். மூக்கின் மையமும் ஜாக்கின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். உத்தரத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுக் குறித்துக்கொண்டு, ஜாக் நகராதபடி அதன் அடியைச் சுற்றி நான்கு சிறு துண்டுகளைப் பற்றவையுங்கள். வெல்டு போடும்போது ஜாக்கை எடுத்துவிடுங்கள், சூட்டில் சீல் போய்விடும்.

பிளேட்டும் ஜாக்கும் சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். அதனால் பிளேட்டை மேலே திருப்பி இழுக்கும் இரண்டு ஸ்ப்ரிங்குகளில் ஒவ்வொன்றும் மேல்நிலையிலேயே 15 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும், முழு ஸ்ட்ரோக் நீண்டபின்னும் தளராமல் திரும்ப வேண்டும்.

பாட்டில் ஜாக்குக்குப் பதிலாகத் தனி சிலிண்டரும் கைப்பம்பும் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். அழுத்தமானி இருப்பதே பெரிய லாபம். பெரும்பாலான கைப்பம்புகள் 700 பார் வரை போகும். அந்த அழுத்தத்தில் 20 டன் தரும் சிலிண்டரின் உள்விட்டம் சுமார் 60 மி.மீ. மானி 350 காட்டினால் 10 டன் என்று உடனே தெரிந்துவிடும். பாட்டில் ஜாக்கிலும் அதிகச் சுமை வால்வு உண்டு. அதைத் திருகி "பலம் கூட்ட" ஒருபோதும் முயலாதீர்கள். மேலே போட்ட அத்தனை கணக்கும் பொய்யாகிவிடும்.

சோதனை

பெயின்ட் அடிக்கும் முன் சோதியுங்கள். உத்தரத்தின் அடியிலும் பெட்டின் மேலும் முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டி, நடுவில் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் 40 மி.மீ. பிளேட்டுகளின் மேல் 60 மி.மீ. எம்.எஸ். உருளையை வைத்து, முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மெதுவாகப் பம்ப் அடியுங்கள். பாதிச் சுமையில் நிறுத்தி வெல்டுகளைப் பாருங்கள். பிறகு முழுச் சுமைக்குப் போய் சில நிமிடம் விட்டு, இறக்கி, நூலை மறுபடி அளங்கள். சுமையில் இருக்கும்போது அரை மி.மீ.க்குள் வளைவது இயல்பு. இறக்கியபின் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் எங்கோ இரும்பு எல்லை தாண்டிவிட்டது. வெல்டுகளை டை பெனட்ரன்ட் (விரிசல் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல்கூடச் சிவப்புக் கோடாகத் தெரியும்.

துணைக்கருவிகள்

முதலில் பெட் பிளேட்டுகள். உத்தரத்தில் பார்த்த அதே 150 மி.மீ. இடைவெளிப் பிரச்சினை இங்கேயும் உண்டு. 40 மி.மீ. தடிமன், 150 அகலம், 240 நீளத்தில் இரண்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெவ்வேறு அகலத்தில் 'யு' வெட்டு. வெட்டு ஆழமானால் பிளேட்டின் பலம் குறையும், அதனால் கனமான வேலைக்கு வெட்டில்லாத பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு பிளேட் வேண்டவே வேண்டாம். எம்.எஸ். வளைந்து எச்சரிக்கும், வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் உடையும்.

அடுத்தது தள்ளு பின்கள். 25 மி.மீ. காம்பும் தோளும் வைத்து லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். தோள் மூக்கின் முகத்தில் படியட்டும். 10-லிருந்து 40 மி.மீ. வரை ஒரு செட் இருந்தால் பெரும்பாலான புஷ்களுக்குப் பொருந்தும். சின்னப் பின்னுக்கு எல்லை உண்டு: 12 மி.மீ. பின்னில் 2 டன்னுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அதன் டன் அளவை எண் பஞ்ச்சால் குத்திவைத்தால் அவசரத்தில் தவறாது. ஸ்பேனர் சாக்கெட்டுகளைத் தள்ளு பின்னாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கடினப்படுத்திய இரும்பு அது, நசுங்காமல் தெறிக்கும்.

பேரிங்கைப் பொறுத்தவரை ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அதைத்தான் தள்ள வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையம், ஹவுசிங்கில் ஏற்றும்போது வெளிவளையம். மாற்றித் தள்ளினால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் பள்ளம் விழும்; பேரிங் புதிதாக இருந்தும் இரைச்சல் போடும். இறுகிப்போன பேரிங்கைக் கழற்றும்போது வெளிவளையம் துண்டு துண்டாக வெடிக்கக்கூடும். தூண்களில் கீல் வைத்து 6 மி.மீ. பாலிகார்பனேட் தடுப்பு ஒன்றை மாட்டுங்கள். அக்ரிலிக் வேண்டாம், அதுவே உடைந்து பறக்கும்.

ஷாஃப்ட் நிமிர்த்த இரண்டு வி-பிளாக்கும் ஒரு டயல் கேஜும் போதும். ஷாஃப்டைச் சுழற்றி மேடான பக்கத்தைக் கண்டுபிடித்து மேலே திருப்பி, சிறிது அழுத்தி, விட்டு, அளந்து, மறுபடி. இரும்பு மீளும் குணமுள்ளது. நேராக வந்தபின்னும் சற்றுக் கூடுதலாக அழுத்தினால்தான் நேராக நிற்கும். எவ்வளவு கூடுதல் என்பது அந்தந்த ஷாஃப்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

மடிப்பு அச்சு எனக்கு மிகவும் பிடித்த துணைக்கருவி. கீழ் அச்சின் வி-வாய் பிளேட் தடிமனைப் போல் 8 மடங்கு. 6 மி.மீ. பிளேட்டுக்கு 50 மி.மீ. வாய். தேவையான விசைக்கு: 1.42 × இரும்பின் இழுவலிமை × தடிமனின் வர்க்கம் × மடிப்பின் நீளம் ÷ வாய் அகலம். 200 மி.மீ. நீளத்துக்கு 1.42 × 410 × 36 × 200 ÷ 50, சுமார் 84 கிலோநியூட்டன், எட்டரை டன். வாயைக் குறுக்கினால் மடிப்பு கூர்மையாகும், விசை ஏறும். மடிப்பின் உள்வளைவு வாயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வரும் என்பதை வரைபடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அச்சு சுழலாமல் இருக்க அதற்கும் தூணுக்குள் வழிகாட்டிப் பட்டை கொடுங்கள்.

துளை குத்தும் அச்சும் செய்யலாம். 6 மி.மீ. பிளேட்டில் 12 மி.மீ. துளைக்குச் சுமார் 75 கிலோநியூட்டன் ஆகும். ஆனால் பிளேட் அறுந்த நொடியில் சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரே அதிர்ச்சியாகச் சட்டத்தில் இறங்கும். இந்த வேலையை முழு அளவில் பாதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

ஜாக்கில் ஹைட்ராலிக் ஜாக் எண்ணெய் மட்டுமே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பம்ப் பஞ்சு போலத் தளர்ந்தால் காற்று புகுந்திருக்கிறது: ரிலீஸ் வால்வைத் திறந்து, எண்ணெய் மூடியைக் கழற்றி, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அடித்தால் வெளியேறிவிடும். ஹோஸ் உள்ள பம்பில் கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். 700 பாரில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும்; கை வைப்பது அழுத்தத்தை முழுக்க இறக்கியபிறகுதான். வேலை முடிந்ததும் ரிலீஸ் வால்வைத் திறந்து ராடை முழுக்க உள்ளே இறக்கிவையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடில் துரு பிடித்தால் அடுத்த முறை சீல்தான் கிழியும்.